மூன்றாம் பெஞ்சுக்கு அடியில் விழுந்த பேச்சு

சென்னியப்பன் இந்த விவரத்தைப் பதினான்கு வருஷமாகச் சந்தேகித்து வந்தார். சந்தேகிப்பதற்கு அவரிடம் காரணங்கள் இருந்தன. ஆனால் வருஷத்துக்கு ஒன்றிரண்டு காரணங்கள் உளுத்து உதிர்ந்துகொண்டிருந்ததையும் அவர் கவனிக்காமல் இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனையில், காது மூக்கு தொண்டைப் பிரிவின் கடைசியில், கதவைச் சாத்தினால் தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்கிற ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, இருபத்தெட்டு வருஷமாக ஜனங்களின் காதை அளந்து சீட்டு எழுதியவர் அவர். காதில் மாட்டின கருவியில் ஒரு சத்தம் வரும், கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும், இதற்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று கிடையாது என்றுதான் அவர் வெகுகாலம் நினைத்திருந்தார். விவரத்தைச் சொன்னவள் நெரிஞ்சிப்பாளையத்து மைனாவதி, தறி ஓட்டுகிறவள். ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு தரம் அவள் வந்து சொன்னாள். பொய்யென்றால் எங்கேயாவது ஒரு இடத்தில் இடறும் என்று அவர் காத்திருந்தார். பதினான்கு வருஷமும் அது இடறவில்லை. அவள் சொன்னதிலும், அவருக்கே தெரிந்ததிலும் சேர்ந்த விவரம் இதுதான்.

நெரிஞ்சிப்பாளையத்தில் தறி ஓடாத தெரு கிடையாது. விசைத்தறி வந்த நாளிலிருந்து அந்த ஊரில் யாரும் யாரையும் தூரத்திலிருந்து கூப்பிட்டதில்லை, கூப்பிட்டுப் பிரயோசனமும் இல்லை. பட்டறையில் நிற்கிற ஒருத்தியிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் கிட்டே போய்த் தோளைத் தொட வேண்டும், அவள் திரும்பினதும் முகத்துக்கு நேரே முகத்தைக் காட்ட வேண்டும், அப்புறம் ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும். 'தார்ல நூல் தீந்துபோச்சு.' அவ்வளவுதான். அவள் தலையை ஆட்டின பிறகுதான் அடுத்தது. பெண் பார்த்த பேச்சையும் சாவுச் சேதியையும் அந்த ஊர் இப்படித்தான் சொல்லிக்கொண்டது. அப்புறம் பஞ்சு. நூலிலிருந்து பறந்த பஞ்சு சாம்பாரில் கிடந்தது, தாலிக்கயிற்றில் ஒட்டியிருந்தது, மாரியம்மன் சிலையின் மூக்குத்தியில் தொங்கியது. வெளியூர்க்காரர்கள் வந்தால் தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார்கள், உள்ளூர்க்காரர்கள் தட்டுவதே இல்லை.

அப்படிப்பட்ட ஊரில் மைனாவதியின் மகள் கௌசிகாவுக்கு ஒரு சிக்கல் இருந்தது பத்து வயது வரைக்கும் யாருக்கும் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. தறிக்குப் பக்கத்தில் கட்டின தொட்டிலில் தூங்கி வளர்ந்தவள் அவள். அவளிடம் எல்லாரும் தொட்டுத்தான் பேசினார்கள், முகத்தைக் காட்டித்தான் பேசினார்கள், ஒவ்வொன்றாகத்தான் பேசினார்கள். ஆறாம் வகுப்புக்கு நடுநிலைப் பள்ளிக்கு வந்தபோதுதான் முதல் முறையாக ஒருத்தர் அவளிடம் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். அவர் அனுசுயா டீச்சர், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், கெட்டிக்காரர், கரும்பலகையில் எழுதிக்கொண்டே விறுவிறுவென்று பாடம் நடத்துகிறவர். வகுப்பு ஜன்னலுக்கு அந்தப்புறம் ஒரு சந்து, சந்துக்கு அந்தப்புறம் முப்பது தறி. டீச்சரின் குரலும் தறியின் சத்தமும் பின்பெஞ்சுச் சிரிப்பும் ஒரே சரடாக முறுக்கிக்கொண்டு கௌசிகாவிடம் வந்தன. அதில் டீச்சருடைய இழை எது என்று அவள் பிரித்து எடுப்பதற்குள் டீச்சர் மூன்று வரி தாண்டிப் போயிருந்தார்.

ஒரு நாள் டீச்சர், "கௌசிகா, போர்டை அழிச்சிட்டு வா" என்றார். கௌசிகா எழுந்து போய், ஒரு கணம் யோசித்து, உள்ளங்கையால் கரும்பலகையைப் பளார் பளார் என்று மூன்று அடி அடித்துவிட்டுத் திரும்பி வந்து மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. 'அழிச்சிட்டு' என்பதும் 'அடிச்சிட்டு' என்பதும் தறிச் சத்தத்துக்குள் ஒன்றுதான் என்பது அனுசுயா டீச்சருக்குத் தெரியாது. தன்னைக் கேலி பண்ணுகிறாள் என்றே அவர் எடுத்துக்கொண்டார். தலைமையாசிரியர் பொன்னுரங்கம் கூப்பிட்டு விசாரித்தார். கௌசிகா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"காது டெஸ்ட் பண்ணி எழுதி வாங்கிட்டு வாம்மா" என்று மைனாவதியிடம் சொன்னார். "செவிடுன்னா செவிடுன்னு தெரிஞ்சு போயிரட்டும். இல்லைன்னா அப்புறம் பாத்துக்கறேன்."

அப்படித்தான் அவர்கள் இரண்டு பேரும் சென்னியப்பனிடம் வந்தார்கள். கதவைச் சாத்தினார். நாற்பத்திரண்டு சத்தம் அனுப்பினார், நாற்பத்திரண்டுக்கும் அந்தப் பெண் பட்டனை அழுத்தினாள். எறும்பு நடக்கிற மாதிரிச் சத்தத்தையும் விடவில்லை. 'இரு காதுகளிலும் கேட்கும் திறன் இயல்பு' என்று எழுதினார், டாக்டர் கையெழுத்துப் போட்டார். அந்தச் சீட்டைப் படித்த பொன்னுரங்கம் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "காதுல குறையில்ல. அப்ப குறை எங்க இருக்குது? கொழுப்புலதான்" என்றார்.

அதற்கு மறுவாரம் பேச்சு கீழே விழ ஆரம்பித்தது. அல்லது முன்னாலிருந்தே விழுந்துகொண்டிருந்து அப்போதுதான் ஒருத்தர் கண்ணில் பட்டது. பள்ளிக்கூடம் கூட்டுகிற நல்லாத்தாள்தான் முதலில் பார்த்தது. பஞ்சு எல்லா வகுப்பிலும் கிடக்கும், ஆனால் மூன்றாம் பெஞ்சுக்கு அடியில் கிடந்த பஞ்சு விளக்குமாற்றுக்கு அடங்கவில்லை. தள்ளினால் போகும், கையெடுத்தால் திரும்ப வந்து கௌசிகா உட்காருகிற இடத்துக்கு அடியிலேயே ஒண்டிக்கொள்ளும். நல்லாத்தாள் குனிந்து ஒரு துணுக்கை எடுத்து ஊதப் போனாள், முனகியது, காதுக்குக் கிட்டே கொண்டுபோனாள். 'நாளைக்கு எல்லாரும் வரைபடத் தாள் கொண்டு வரணும்' என்றது அனுசுயா டீச்சரின் குரலில். நல்லாத்தாள் பயப்படவில்லை. முப்பது வருஷமாகப் பஞ்சைக் கூட்டுகிறவளுக்குப் பஞ்சிடம் என்ன பயம்? முந்தானையில் முடிந்துகொண்டு நேரே மைனாவதியின் பட்டறைக்குப் போய்த் தோளைத் தொட்டாள்.

"ஏம்புள்ள, உம்மவ காதுல விழாத பேச்செல்லாம் அங்க கீழ விழுந்து கெடக்குது. வந்து அள்ளிக்கோ."

மைனாவதி தறியை நிறுத்தினாள். "பேச்சு எப்படீங்க்கா கீழ விழும்?"

"நல்லா கேட்ட போ. காதுல விழல. அப்ப எங்கியாச்சும் விழுந்துதான ஆவோணும்? பறந்தா போயிரும்?"

மைனாவதி தறியை விட்டு இறங்கினாள். அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு போனாள், நல்லாத்தாள் கூட்டிக் குவித்து வைத்திருந்ததை அள்ளிக்கொண்டு வந்தாள். அந்தக் காலத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குப் போகிற கரண்ட் எட்டு மணிக்குத்தான் வரும். கரண்ட் போனதும் ஊரில் அத்தனை தறியும் ஒரே மூச்சில் நிற்கும். ஊர் அதைச் சபித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்க, மைனாவதி மட்டும் அதற்காகவே காத்திருந்து, மகளை முன்னால் உட்கார வைத்து, ஒவ்வொரு துணுக்காக எடுத்து முதலில் தன் காதில் வைத்துக் கேட்டாள். பாடமாக இருந்தால் மகளின் காதுக்குக் கிட்டே பிடித்தாள். 'தாவரங்கள் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கின்றன' என்றது பஞ்சு. கௌசிகா கண்ணை மூடிக் கேட்டாள், திருப்பிச் சொன்னாள், சொல்லி முடித்ததும் அந்தத் துணுக்கு மைனாவதியின் விரலிடுக்கில் ஒன்றுமில்லாமல் கரைந்துபோனது. போய்ச் சேர்ந்த பேச்சு மிஞ்சாது என்று மைனாவதி புரிந்துகொண்டாள். 'கௌசிகா' என்று மகளின் பெயரில் ஆரம்பிக்கிற துணுக்குகளை மட்டும் அவள் கொடுக்கவில்லை. நாலைந்து கேட்டுப் பார்த்தாள். 'கௌசிகா, நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு.' 'கௌசிகா, உன்னைப் பெத்தவங்களைச் சொல்லணும்.' அதன்பிறகு, பெயரைக் கேட்டதுமே மேற்கொண்டு கேட்காமல் ஒரு சணல் மூட்டையில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். மூட்டை இரவும் பகலும் மெதுவாகப் புறுபுறுத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எலி என்று நினைத்தார்கள்.

ஊருக்குத் தெரிய வெகுநாள் ஆகவில்லை, தெரிந்தபோது யாரும் வாயைப் பிளக்கவுமில்லை. காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளைகள் வீட்டுப்பாடம் என்னவென்று கேட்க மூன்றாம் பெஞ்சுக்கு ஆள் அனுப்பினார்கள். ஒருத்தர் ஒரு பை அள்ளிப் போய்த் தலையணையில் அடைத்தார். ராத்திரி முழுக்கப் பதினாறாம் வாய்ப்பாடு சொன்ன தலையணையை விடிந்ததும் அவர் சம்சாரம் திருப்பிக் கொண்டுவந்து கொட்டினாள். ஒரு நூல்காரர் அதை நூற்றுப் பார்க்கலாமென்று முயன்றதில், அந்த நூலில் நெய்த துண்டு, துடைத்துக்கொள்ளும்போதெல்லாம் 'நிமிர்ந்து உட்காரு' என்று சொன்னதாம். நகராட்சிக்காரர்கள் வந்து பார்த்து, இது மக்குகிற குப்பையா மக்காத குப்பையா என்று தங்களுக்குள் பேசி முடிவுக்கு வராமல் டீ குடித்துவிட்டுப் போனார்கள். டீக்கடையில் மைனாவதியைப் பார்த்து, "உம்மவ காதுல விழாட்டி என்னம்மிணி, ஊர் காதுலயே விழுகுதே" என்று கேலி பண்ணினார்கள். "ஆமாங்க, ஊருக்காச்சும் பாடம் ஏறட்டும்" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள்.

அரையாண்டுத் தேர்வில் கௌசிகா அறிவியலில் எழுபத்தொன்று வாங்கினாள். சிக்கல் அங்கேதான் முற்றியது. வகுப்பில் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாத பெண் எழுபத்தொன்று எப்படி வாங்கும்? காப்பி என்றார் பொன்னுரங்கம். அனுசுயா டீச்சருக்கு வேறொரு வேதனை. தன் குரல் ஊரெல்லாம் பஞ்சாகப் பறக்கிறது என்பதும், தான் திட்டினதை எவனோ டீக்கடையில் காதில் வைத்துக் கேட்டுச் சிரிக்கிறான் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஒரு முடிவெடுத்தார். கௌசிகா பக்கம் திரும்பிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். அவளைத் தள்ளிப் பின் சுவரோரம் தனியாக உட்கார வைத்தார்கள், வகுப்புக்குச் சொன்னது அவளுக்குச் சொன்னதாகாது என்று டீச்சரே வாய்விட்டுச் சொன்னார். பேச்சு அவளை நோக்கி வரவில்லை, அதனால் விழவுமில்லை. நாலு மணிக்குப் போன மைனாவதிக்கு வெறும் தறிப் பஞ்சுதான் கிடைத்தது, காதில் வைத்தாலும் அது வெறும் பஞ்சுதான். பத்து நாள் அப்படிப் போனது. பதினோராம் நாள் ஒரு சீட்டு வந்தது: வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், அன்றைக்கு வந்து டி.சி.யை வாங்கிக்கொண்டு போகலாம். பன்னிரண்டு வயது ஆவதற்குள் தறிக்கு நிற்க வேண்டியதுதான் என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்கவில்லை, ஆனால் அந்த ஊரில் டி.சி. என்றால் அதுதான் அர்த்தம்.

மைனாவதி புதன்கிழமை சென்னியப்பனிடம் வந்தாள். மகளைக் கூட்டி வரவில்லை, அறை வாசலிலேயே நின்றாள். கையில் ஒரு தீப்பெட்டி இருந்தது.

"சார், நீங்க எழுதிக் குடுத்த சீட்டை வெச்சுத்தான் எம்பொண்ணை வெளிய தள்றாங்க."

"நான் என்ன தப்பா எழுதிட்டேன்? மெஷின் சொன்னதைத்தான் எழுத முடியும்மா."

"மெஷின் பொய் சொல்லுச்சுன்னு நான் சொல்லலீங்க. மெஷின் இந்த ரூமுக்குள்ள இருந்துதானுங்களே சொல்லுச்சு? இந்த மாதிரி ரூமு எங்கூர்ல எங்கீங்க இருக்குது? அந்தப் பள்ளிக்கூடத்துல இருக்குதுங்களா? அதை எழுதுங்க."

"அதெல்லாம் எழுதற வழக்கமில்ல."

"கதவைச் சாத்திட்டுப் பாத்தோம்னு எழுதறதுக்கு வழக்கம் எதுக்குங்க? சாத்துனீங்களா இல்லீங்களா?"

வெளியே எண்பது பேர் வரிசையில் நின்றார்கள். அவள் தீப்பெட்டியை நீட்டினாள். "நம்பிக்கை இல்லாட்டி இதைக் காதுல வெச்சுப் பாருங்க சார். அவ டீச்சர் பேசி விழுந்த பஞ்சுதான்." சென்னியப்பன் தீப்பெட்டியைத் தொடவில்லை. "ஆபீஸ்ல இதெல்லாம் வேண்டாம்மா" என்று மட்டும் சொன்னார். ஆனால் அவள் போகவில்லை. நாற்காலியில் உட்காரவுமில்லை, அழவுமில்லை, கெஞ்சவுமில்லை. அறைக்குள் வந்து, கதவை அவளே சாத்தினாள். மருத்துவமனை முழுக்கச் சட்டென்று காணாமல் போனது. ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு கதவைத் திறந்தாள், எண்பது பேரின் இரைச்சல் வெள்ளம் மாதிரி உள்ளே புகுந்தது. "இப்ப எழுதுவீங்களா?" என்று கேட்டாள். அவள் உதடு அசைந்தது மட்டும்தான் சென்னியப்பனுக்குத் தெரிந்தது. என்ன கேட்டாள் என்பதை அவராகவே யூகித்துக்கொண்டார். சீட்டின் நகலை எடுத்து, பழைய வரிக்குக் கீழே ஒரு வரி எழுதினார்: 'இச்சோதனை ஒலி புகாத அறையில் செய்யப்பட்டது. இரைச்சலில் சோதிக்கப்படவில்லை.' டாக்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "ஏன்யா இது?" என்றார். "உண்மைதானுங்களே சார்" என்றார் சென்னியப்பன். இருபத்தெட்டு வருஷத்தில் டாக்டரிடம் அவர் எதிர்த்துப் பேசினது அது ஒன்றுதான், அதையும் எதிர்த்துப் பேசினதாக டாக்டர் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நடந்ததை அவர் பார்க்கவில்லை. மைனாவதி சொன்னதுதான்.

அன்று மதியம் அந்தச் சந்தில் முப்பது தறியும் கரண்ட் இருக்கும்போதே நின்றன. தறி ஓட்டுகிற பெண்கள் தலையில் பஞ்சோடு அப்படியே இறங்கி மைனாவதியின் பின்னால் நடந்தார்கள், முதலாளிகள் கூப்பிட்டார்கள், யாரும் தொட்டுக் கூப்பிடாததால் யாரும் திரும்பவில்லை. தலைமையாசிரியர் அறையில் குழு உட்கார்ந்திருந்தது. சுவரோரம் கௌசிகா நின்றாள். பொன்னுரங்கம் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த சீட்டை எடுத்து விரித்தார்.

"கவர்மெண்டு ஆஸ்பத்திரி சீட்டும்மா. நார்மல்னு இருக்குது. காது கேட்டுக்கிட்டே கேக்காத மாதிரி இருக்கற பிள்ளையை நாங்க என்ன பண்றது?"

மைனாவதி புதுச் சீட்டை மேஜைமேல் வைத்தாள். "ரெண்டாவது வரியையும் படிச்சிருங்க சார். ஒலி புகாத அறை. உங்க பள்ளிக்கூடத்துல அது எந்தப் பக்கமுங்க? அங்க கொண்டுபோய் உக்கார வெச்சுப் பாடம் நடத்துங்க, எம்பொண்ணு எறும்பு நடக்கறதையே கேப்பா."

"வாய்க்கு வந்தபடி பேசாத. இவ்வளவு நாளா இந்தப் பொண்ணுகிட்ட நாங்க பேசாத பேச்சா?"

"அதைத்தானுங்க கொண்டாந்திருக்கறேன்" என்று மைனாவதி சணல் மூட்டையின் வாயை அவிழ்த்துத் தரையில் கொட்டினாள்.

நாலு மாதப் பேச்சு ஒரே நேரத்தில் எழுந்தது. அறை முழுக்கப் பஞ்சு பறந்தது, பஞ்சு முழுக்கக் குரல். அனுசுயா டீச்சரின் குரல் நூறாக, பொன்னுரங்கத்தின் குரல் நாற்பதாக, கணக்கு வாத்தியார், விளையாட்டு வாத்தியார், வகுப்புப் பிள்ளைகள், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒன்றுக்குள் ஒன்றாக. சத்தம் பெரிதில்லை. ஆனால் ஒரு வார்த்தை முடிவதற்குள் இன்னொரு வார்த்தை அதன் வாலை விழுங்கியது. குழுவினர் காதைப் பொத்தினார்கள், எடுத்தார்கள், மறுபடி பொத்தினார்கள்.

"என்னம்மா இது? என்ன சொல்லுது? ஒண்ணும் புரியலையே!" என்று பொன்னுரங்கம் கத்தினார்.

"உங்க குரல்தானுங்களே சார், உங்களுக்கே தெரியலீங்களா?" என்றாள் மைனாவதி. "காது நல்லாத்தானுங்களே இருக்குது? இல்ல, ஆஸ்பத்திரியில எழுதி வாங்கியாரட்டுங்களா? கேட்டுக்கிட்டே கேக்காத மாதிரி இருக்கறீங்களோ?"

வாசலில் நின்ற தறிக்காரிகள் சிரித்தார்கள். பொன்னுரங்கம் என்னவோ பதில் சொன்னார், அது யாருக்கும் கேட்கவில்லை.

அப்போது அனுசுயா டீச்சர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். ஒரு துணுக்கை எடுத்துக் காதில் வைத்தார், முகம் சுருங்கியது. இன்னொன்றை எடுத்தார், கீழே வைத்தார். ஏழாவதோ எட்டாவதோ ஒன்றை எடுத்தவர் அதை வெகுநேரம் கீழே வைக்கவில்லை. பிறகு மைனாவதியிடம் நீட்டினார். மைனாவதி காதில் வைத்தாள். 'கௌசிகா, சாப்பிட்டியா? ஏன் டப்பாவைத் திறக்கவே இல்லை? என்கிட்ட வந்து உட்காந்து சாப்பிடறியா கண்ணு?'

"முதல் வாரம் கேட்டது" என்றார் டீச்சர். "மூணு தரம் கேட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டா. அப்புறம்தான் நான்…"

மைனாவதி அந்த இடத்தை மறைத்துச் சொன்னதே இல்லை. பெயரைக் கேட்டதுமே திட்டு என்று மூட்டையில் போட்டது தான்தான், முடிவு வரைக்கும் கேட்காதவள் தானும்தான் என்று ஒவ்வொரு தரமும் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் அதற்காகப் பின்வாங்கவில்லை. "சரிங்க டீச்சர், நான் பண்ணினதும் தப்புதான்" என்றாள். "நீங்க இனி எப்படிப் பேசப் போறீங்க, அதைச் சொல்லுங்க."

"எப்படிப் பேசணும்?"

"எங்க பட்டறைக்கு வாங்க. அங்க யாரும் யாரையும் செவிடுன்னு சொல்லிக்கறதில்ல. தொடுவோம், மூஞ்சியைக் காட்டுவோம், ஒண்ணு சொல்லுவோம். புரிஞ்சுதான்னு பாத்துட்டு அடுத்ததைச் சொல்லுவோம். அவ்வளவுதான். எம்பொண்ணுக்குத் தனியா ஒண்ணும் வேண்டாமுங்க. ஊருக்கு இருக்கறது பள்ளிக்கூடத்துக்குள்ளயும் இருந்தாப் போதும். டி.சி. வாங்க மாட்டேன். நீங்க எழுதிக் குடுத்தாலும் கிழிச்சுப் போட்டுட்டு திங்கக்கிழமை கொண்டாந்து உக்கார வெப்பேன். செவ்வாக்கிழமையும் உக்கார வெப்பேன்."

அனுசுயா டீச்சர் எழுந்து சுவரோரம் போய், கௌசிகாவின் தோளைத் தொட்டார். அவள் திரும்பினாள். முகத்துக்கு நேரே முகத்தைக் காட்டி, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "சாப்பிட்டேன் டீச்சர்" என்றாள் கௌசிகா. அந்தப் பேச்சு கீழே விழவில்லை. நல்லாத்தாள் குனிந்து பார்த்து உறுதி பண்ணினாள்.

டி.சி. கொடுக்கவில்லை. பொன்னுரங்கம் கடைசி வரைக்கும் ஒப்புக்கொள்ளவுமில்லை, 'மனிதாபிமான அடிப்படையில்' என்று பதிவேட்டில் எழுதினார். அந்தச் சொல்லை அடிக்கச் சொல்லி மைனாவதி மூன்று மாதம் நடையாய் நடந்தாள். சந்துப்பக்கத்து ஜன்னலில் தறிக்காரிகள் கழிவு நூல் மூட்டைகளை அடுக்கி அடைத்தார்கள். பெஞ்சுக் காலுக்குத் துணி சுற்றினார்கள். கௌசிகா முதல் பெஞ்சுக்கு வந்தாள். டீச்சர் பலகையில் எழுதி முடித்துவிட்டுத் திரும்பி நின்று பேசப் பழகினார், மறந்துபோய் முதுகைக் காட்டினால் வகுப்பே "டீச்சர், மூஞ்சி!" என்று கத்தியது. அதில் நாலைந்து பிள்ளைகள் தங்களுக்கும் இப்போதுதான் புரிகிறது என்று சொன்னதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பஞ்சு அடியோடு நிற்கவில்லை. மழை நாளிலும் கூட்ட நாளிலும் கொஞ்சம் விழுந்தது, நல்லாத்தாள் கூட்டி ஓரமாக வைத்தாள், வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்துச் சென்னையில் நடந்த ஒரு பயிற்சியில் சென்னியப்பன் அதற்கு ஒரு பெயர் இருப்பதைக் கேட்டார். செவிவழிச் செயலாக்கக் குறைபாடு. காது வாங்குகிறது, வாங்கினதைப் பிரித்தெடுப்பதில்தான் சிக்கல், அமைதியான அறையில் அது பிடிபடாது என்று ஒரு இளம்பெண் பலகையில் எழுதிக் காட்டினாள். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். பெயர் இருக்கிறதென்றால் நோய் உண்மை. நோய் உண்மையென்பதால் பஞ்சும் உண்மையாகிவிடாதே என்று ரயிலில் ஊர் வரைக்கும் தனக்குத்தானே வாதாடிக்கொண்டு வந்தார்.

மைனாவதி வருவதை நிறுத்தவில்லை. தன் மகளை அல்ல, ஊரிலிருந்து வேறு வேறு பிள்ளைகளைக் கூட்டி வந்தாள், பதினான்கு வருஷத்தில் பதினோரு பிள்ளைகள். "இதுக்கும் ஒத்தை வரியில நார்மல்னு எழுதிப்புடாதீங்க" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே நுழைவாள். அவர் இரண்டு வரி எழுதினார், பிறகு கோயமுத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினார், பிறகு பள்ளிக்கூடத்துக்குத் தனியாக ஒரு பக்கம் எழுதினார்: முன்னால் உட்கார வையுங்கள், முகம் பார்த்துப் பேசுங்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு தரமும் பிள்ளை உள்ளே இருக்கும்போது மைனாவதி அந்த விவரத்தை மறுபடி சொன்னாள். கௌசிகா இப்போது ஈரோட்டில் துணிக்கு டிசைன் போடுகிறாள். போனில் பேச மாட்டாள், வேண்டியதை எழுதி அனுப்பச் சொல்வாள், எழுத மாட்டேன் என்கிற முதலாளிக்கு வேலை செய்ய மாட்டாள்.

போன மாதம் பதினோராவது பிள்ளை உள்ளே இருந்தபோது, மைனாவதி வழக்கம்போலச் சொல்லி முடித்தாள். மூட்டையில் யார் யாருடைய பேச்சு இருந்தது என்று வரிசையாகச் சொல்வது அவள் வழக்கம். டீச்சர், தலைமையாசிரியர், கணக்கு வாத்தியார், பஸ் கண்டக்டர், சொந்த மாமன். வெளியே விழுந்ததும் மகளின் பாவாடையில் ஒட்டிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் வந்து சேர்ந்திருந்தது என்பாள். அந்த வரிசையில் ஒரு பெயர் ஒரு தரமும் வந்ததில்லை. சென்னியப்பன் சந்தேகித்ததெல்லாம், தீப்பெட்டியைத் தொடாமல் விட்டதெல்லாம், வழக்கத்துக்காக அல்ல என்பது பதினான்கு வருஷமாக அவருக்குத் தெரியும். முதல் தடவை சீட்டைக் கொடுத்தபோது, வராந்தாவில் கூட்டத்துக்கு நடுவில், அந்தப் பெண்ணின் பக்கம் குனிந்து அவர் ஒன்று சொன்னார். 'காது நல்லாத்தான இருக்குது, எதுக்கு இந்த நடிப்பு? உங்கம்மாவை ஏன் இப்படி அலைய விடறே?' சொல்லிவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிட்டார். அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்ததா, வேறெங்கோ பார்த்ததா என்று எத்தனை யோசித்தாலும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. பார்த்திருந்தால் அது கீழே விழுந்திருக்காது, நேரே அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

அவர் எழுந்து வந்து மைனாவதிக்கு முன்னால் நின்றார்.

"ஏம்மா," என்றார், "அன்னிக்கு உம்மவகிட்ட நான் சொன்னது எங்க விழுந்துச்சு?"